வெயில் வராத ஐந்து நாள்

அக்கா மகள் சென்னையில் சிற்பம் படிக்கிறாள். கடைசி வருடம். படிப்பு முடிவதற்குள் சொந்தமாக ஒரு வேலை செய்து காட்ட வேண்டுமாம். ஃபைபர் வேண்டாம், பிளாஸ்டர் வேண்டாம், கடையில் வாங்கும் எதுவும் வேண்டாம். மண்ணிலும் மரத்திலும் தானாக வருவதை வைத்துத்தான் செய்வேன் என்று தீபாவளிக்கு வந்திருந்தபோது சொன்னாள். கேட்டுக்கொண்டு பேசாமல் முறுக்கைக் கடித்திருக்கலாம். நான்தான் வாயைக் கொடுத்தேன். "அதுக்கு நம்ம ஊருக்குல்லா போகணும். கோரை, குளத்து மண், பனை, தேரி மணல், என்ன இல்ல அங்க?"

அவள் அங்கேயே செல்போனில் டிக்கெட் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

நான் அம்பாசமுத்திரத்தை விட்டு வந்து 28 வருடம் ஆகிறது. ஊரில் இருப்பவன் மாதம் பார்த்துப் பயணம் வைப்பான். ஊரை விட்டுப் போனவன் லீவு பார்த்து வைப்பான். எனக்கு லீவு நவம்பரில் இருந்தது.

நவம்பர் 18, திருநெல்வேலி

இறங்கும்போதே தூறல். ஜங்ஷனுக்கு வெளியே ஒரு டீக்கடையில் ஒதுங்கினோம். டீ 15 ரூபாய். கடைக்காரர் எங்கள் பைகளைப் பார்த்துவிட்டுப் பேப்பர் கப்பை எடுத்தார். "அண்ணாச்சி, கிளாஸ்லயே குடுங்க" என்றேன். கை நின்றது. "நம்ம பக்கமா? எந்த ஊரு?" "அம்பை." "அம்பையில எங்க?" தெருவைச் சொன்னேன். "அங்க யாரு வீடு?" தாத்தா பெயர் வரை போன பிறகுதான் டீ வந்தது. ஆதார் கார்டு எடுக்கும்போதுகூட இவ்வளவு கேட்கவில்லை என்றாள் மருமகள்.

எங்கே போகிறோம் என்று கேட்டார். பத்தமடை, காருகுறிச்சி, உடன்குடி என்றேன். வானத்தை ஒருமுறை பார்த்தார். "இந்த மழையிலயா?" அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் அடுத்த டீயை ஆற்றத் தொடங்கிவிட்டார்.

டவுனில் அறை 1,200 ரூபாய். சுத்தமான அறைதான். ஆனால் போர்வை, துண்டு, தலையணை உறை எல்லாவற்றிலும் லேசான ஈரம். "துவைச்சு நாலு நாளாச்சு சார், காயல" என்று அறைப் பையன் வானிலை அறிக்கை வாசிக்கிற குரலில் சொல்லிவிட்டுப் போனான்.

மழை விடாததால் மத்தியானம் முழுக்க அறையில்தான். மருமகள் தன் நோட்டைத் திறந்து காட்டினாள். முதல் பக்கத்தில் ஒரு படம் ஒட்டியிருந்தது. பெரிய கூடத்தின் தரையில் மஞ்சளாக ஒரு சதுரம்.

"மஞ்சப்பொடியா?"

"மகரந்தம் மாமா."

வொல்ஃப்காங் லைப் என்ற ஜெர்மானியக் கலைஞரின் வேலையாம் அது. 1950-ல் பிறந்தவர். மருத்துவம் படித்து, அதற்கான ஆய்வுக்குத் தென்னிந்தியக் கிராமங்களின் குடிதண்ணீரை எடுத்துக்கொண்டவர். 1974-ல் படிப்பு முடிந்தது. வைத்தியத் தொழிலுக்குப் போகவில்லை. பிப்ரவரியில் தொடங்கிக் கோடை முழுக்கத் தன் வீட்டைச் சுற்றியுள்ள காட்டிலும் புல்வெளியிலும் நடந்து, ஹேசல்நட் செடியிலிருந்து, டேன்டலியன் பூவிலிருந்து, பைன் மரத்திலிருந்து மகரந்தத்தைக் கையால் தட்டித் தட்டி ஜாடியில் சேர்க்கிறார். ஒரு பருவம் முழுக்க அலைந்தால் ஒரு வகையில் ஒரு ஜாடி தேறும். சிலவற்றில் அதுவும் தேறாது. சேர்த்ததை மெல்லிய துணியில் சலித்துத் தரையில் பரப்பி வைக்கிறார். கண்காட்சி முடிந்ததும் கூட்டி அள்ளி, சுத்தம் செய்து, திரும்ப ஜாடிக்குள்.

2013-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் பரப்பியது சுமார் 18 அடிக்கு 21 அடி. 1990களின் நடுவிலிருந்து சேர்த்த ஹேசல்நட் மகரந்தம். நான் இன்சூரன்ஸ் கம்பெனி ஆள். மனசு தானாகப் பெருக்கிவிட்டது. 378 சதுர அடி. தாம்பரத்தில் என் முதல் வீடே அவ்வளவுதான் இருந்தது.

மதுரைப் பக்கம் ஒரு கிராமத்தில் அவருக்கு ஒரு வேலைக்கூடம் உண்டு என்றதும்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "அவரு அவர் வீட்டுப் பக்கம் ஹேசல்நட் எடுக்காரு. நான் என் ஊர்ல எதை எடுக்கணும்? அதத்தான் பாக்க வந்திருக்கேன்" என்றாள். சென்னையில் பிறந்து வளர்ந்தவளுக்கு 'என் ஊர்' என்று வந்தது எனக்குப் பிடித்திருந்தது. 'எடுக்காரு' என்றதும்தான். வந்து ஆறு மணி நேரத்தில் பேச்சு மாறிவிட்டது.

சாயங்காலம் நெல்லையப்பர் கோயில். ஊருக்குப் பெயர் வந்த கதையை அவளுக்குச் சொன்னேன். வேதசர்மா என்ற பக்தர் சுவாமி நைவேத்தியத்துக்கு நெல்லைக் காயப்போட்டுவிட்டுக் குளிக்கப் போகிறார். மழை கொட்டுகிறது. ஓடிவந்து பார்த்தால் சுற்றிலும் வெள்ளம், நெல் கிடந்த இடம் மட்டும் வேலி போட்டதுபோல் காய்ந்து கிடக்கிறது. நெல்லுக்கு வேலி, திருநெல்வேலி. பித்தளைத் தட்டுகளில் அரிசியைக் குவித்து, ஒன்பது கிரகங்களுக்கான சாப்பாடு என்று பெயர் வைத்தவராம் லைப். இந்தக் கதையை அவர் கேட்டிருப்பாரா என்று அவளுக்கு யோசனை. எனக்கு என் துண்டைப் பற்றி யோசனை.

அல்வாக் கடையில் குடையோடு நின்ற வரிசை. இலையில் வைத்துச் சுடச்சுடக் கொடுத்ததை நின்றபடியே தின்றோம். நெய் மணிக்கட்டு வரை வழிந்தது. மழையில் தின்பதற்கென்றே செய்த பண்டம்.

நவம்பர் 19, பத்தமடை

பஸ்ஸில் ஜன்னல் ஷட்டரெல்லாம் இறக்கிவிட்டிருந்தார்கள். உள்ளே இருட்டு, வெளியே மழை, தரையெல்லாம் குடைத்தண்ணீர். பத்தமடை வந்ததைக் கண்டக்டர் சொல்லித்தான் தெரிந்தது.

பாய் நெய்யும் வீட்டைத் தேட வேண்டியதில்லை. தெருவில் ஒரு பெரியவர் எங்களைப் பார்த்ததும் தானே முன்னால் நடந்து, ஒரு வாசலில் நின்று குரல் கொடுத்தார்: "பாய் பாக்க வந்திருக்காக." குடையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். நன்றி சொல்லக்கூட நேரம் கொடுக்கவில்லை.

அறுபது வயதிருக்கும் அந்த அம்மாவுக்கு. தலையில் முக்காடு, மூக்கில் கண்ணாடி. "வாங்க தம்பி, நனையாம உள்ள வாங்க" என்றவர் மருமகளின் நோட்டையும் கேமராவையும் பார்த்து, "இப்பம் வந்தா என்னத்தப் பாக்க? மாசி பங்குனியில வந்திருக்கணும்" என்றார். குறையாகச் சொல்லவில்லை, எங்களுக்காக வருத்தப்பட்டுச் சொன்னார்.

தறி தரையோடு கிடக்கிறது. நீளவாக்கில் ஓடும் பாவு நூலை அறையின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, மூன்று மூங்கில் கம்பை உச்சியில் சேர்த்துக் கட்டிய முக்காலியில் அச்சைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். கோரையை நீளக் குச்சியில் கோர்த்து நூலுக்குள் விட்டு இழுத்து, அச்சை இழுத்து ஒரு தட்டு. அப்புறம் அடுத்தது. கல்யாணப் பாய் ஒன்று பாதியில் நின்றது. மாப்பிள்ளை பெயர் முடிந்து பெண் பெயரில் இரண்டு எழுத்து வந்திருந்தது. தை மாசக் கல்யாணம். மீதி எழுத்துக்கு வேண்டிய சிவப்புக் கோரை சாயம் போட்டு நாலு நாளாகக் காயாமல் அடுப்படிக் கொடியில் தொங்கியது. அந்தக் காலத்தில் சிவப்புக்குச் சப்பங்கிக் கட்டையை ஊறவைத்துக் கொதிக்கவைப்பார்களாம். இப்போது கடைச் சாயம்தான்.

கோரையைப் பிளந்து காட்டினார். அதை மட்டும் எழுதியே ஆகவேண்டும். கோரைத் தண்டு உருண்டையாக இருக்காது, மூன்று பட்டை உண்டு. நுனியில் கத்தியை வைத்து ஒரு கீறல். அதோடு கத்தியைக் கீழே வைத்துவிட்டார். பிளவை இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவில் பிடித்து இரண்டு பக்கமும் ஒரே பலத்தில் இழுக்கிறார். ஒரு பக்கம் தடித்துக்கொண்டு போனால் அந்தப் பக்கம் விரலை லேசாக மடக்குகிறார். பிளவு நடுவுக்குத் திரும்பிவிடுகிறது. உள்ளே இருக்கிற வெள்ளைச் சோறு நகத்தில் ஒட்டிக்கொண்டு வருகிறது. பிளந்ததை மறுபடி பிளந்தார், அதையும் பிளந்தார். கடைசியில் கையில் இருந்தது பாய் நெய்கிற புல் மாதிரியே இல்லை, தலைமுடி மாதிரி இருந்தது. இந்த மாதிரிக் கோரையில் நெய்தால் நூற்றி இருபது, நூற்றி நாற்பது நம்பர் பாய் வரும்; நம்பர் ஏற ஏறப் பாய் மெல்லிசு. பட்டுப்பாய் என்பது அதைத்தான். 1953-ல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்குப் போன பாய் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், இவரும் சொன்னார். சொல்லும்போது விரல் நிற்கவில்லை.

மருமகள் முயற்சி செய்தாள். முதல் கோரை பாதி வரை வந்து ஒரு பக்கமாக ஓடி அறுந்தது. இரண்டாவதும் அப்படியே. ஐந்தாவதில் விரலில் ரத்தம். கோரை விளிம்பு பிளேடு மாதிரி வெட்டும். அந்த அம்மா தேங்காய் எண்ணெய் தடவிவிட்டார்.

"எங்கள மாதிரி பிளக்க இன்னும் கோரை பதம் வரணும் மவளே. இது காய்ஞ்ச கோரை. ஆத்துல ஓடுத தண்ணியில ஒரு வாரம் கிடந்தா மூணு மடங்கு ஊதிரும். பொறவு காயவச்சுப் பிளந்தா பிளக்க பிளக்க வரும். இப்பம் ஆத்துல போட்டா கடலுக்குல்லா போயிரும்."

தாமிரபரணியில் வெள்ளம். ஊறவைக்க ஆறு இல்லை, காயவைக்க வெயில் இல்லை.

மருமகள் லைப்பைப் பற்றிச் சொன்னாள். செல்போனில் மஞ்சள் சதுரத்தைக் காட்டினாள். அந்த அம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"வைத்தியத்துக்குப் படிச்ச மனுசன் ஏன் பூந்தூள் பெறக்குதாரு?" அப்புறம், "தும்மல் வராதோ?" அப்புறம் கொஞ்சம் யோசித்து, "விக்குவாரா?"

"ஜாடியோட விக்குவாங்க."

"என்ன வெலை?"

மருமகள் என்னைப் பார்த்தாள். லட்சங்களில் என்று சொல்ல எங்கள் இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை. கண்முன்னால் தொங்கும் கல்யாணப் பாய்க்கு 6,000 ரூபாய் பேசியிருக்கிறார்கள். கோரை தயாராக இருந்தால் ஒரு மாச வேலை. "கூடத்தான் இருக்கும்" என்றேன் பொதுவாக. "இருக்கட்டும், அலையுதாருல்லா" என்றார் அந்த அம்மா.

கிளம்பும்போது ஒரு பிடி கோரையைச் செய்தித்தாளில் சுருட்டிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. "பிளந்து பழகு. நின்ன தண்ணியில மட்டும் போட்ராத, நாறிரும். ஓடுத தண்ணி."

நவம்பர் 20, காருகுறிச்சி

எங்கப்பாவுக்குக் காருகுறிச்சி என்றால் அருணாசலத்தின் நாதஸ்வரம். எனக்குச் சோற்றுப்பானை. சின்ன வயதில் தை பிறப்பதற்கு முன்னால் வண்டியில் வைக்கோல் மெத்தை போட்டுப் பானைகள் வரும். ஆச்சி ஒவ்வொன்றையும் விரலால் சுண்டி, காதில் வைத்துக் கேட்டு எடுப்பாள்.

இன்று நாங்கள் போன வீட்டில் நிற்க இடமில்லை. கார்த்திகைக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது. பலகையில் அகல் விளக்கு, பலகைக்கு மேல் பலகை, கட்டிலுக்கு அடியில் விளக்கு, தையல் மிஷின் மேல் விளக்கு, டிவிக்கு முன்னால் விளக்கு. ஒரு பையன் நடுவில் கிடைத்த இரண்டு அடி இடத்தில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். எதுவும் சுடாத பச்சை விளக்கு. வீட்டுக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "பாத்து வாங்க அண்ணாச்சி, காலை எங்கயும் வச்சிராதிய" என்றார். காலை எங்கேயும் வைக்காமல் எப்படி வருவது?

குளத்து மண்ணைக் கோடையில் குளம் வற்றும்போது எடுத்துச் சேர்த்து வைத்துவிட வேண்டும். இப்போது குளம் நிரம்பிக் கரையில் அடிக்கிறது. மண் இருக்கிறது, பிரச்சினை அது இல்லை. விளக்கு நிழலில் உலர்ந்து, அப்புறம் வெயிலில் காய்ந்து, அதன் பிறகுதான் சூளை. உள்ளே துளி ஈரம் நின்றாலும் தீயில் வெடிக்கும்; வெடிக்கிற ஒன்று பக்கத்தில் இருக்கிற பத்தையும் கூட்டிக்கொண்டு போகும். சூளையோ கொல்லையில் தார்ப்பாய்க்கு அடியில் நனைந்துகொண்டிருந்தது. வியாபாரி ஆயிரம் விளக்கை 1,200 ரூபாய்க்குக் கேட்டுவிட்டு, தினம் போன் போடுகிறான். "வெயில நான் எங்க போயி வாங்க?" என்றார்.

அவ்வளவு நெருக்கடியிலும் மருமகள் கேட்டாள் என்பதற்காக ஒரு பானை செய்து காட்டினார். சக்கரத்தில் மண் எழும்புவதை எல்லோரும் படத்தில் பார்த்திருப்பார்கள். நான் இதுநாள்வரை கவனிக்காதது என்னவென்றால், பானை சக்கரத்தை விட்டு இறங்கும்போது அதற்கு அடியே கிடையாது. கழுத்தும் தோளும் மட்டும்தான் சக்கரத்தின் வேலை. கீழே ஓட்டை. ஒரு பொழுது ஆறவிட்டு, உள்ளே குழவிக்கல்லைக் கொடுத்து, வெளியே மரத்தட்டால் தட்டித் தட்டி, பக்கத்து மண்ணை இழுத்து இழுத்து அந்த ஓட்டையை மூடுகிறார்கள். காலையில் இறக்கிய ஒன்றை மடியில் வைத்துத் தட்டினார். கல்லும் தட்டும் ஒன்றையொன்று பார்க்காமல் நடுவில் மண்ணோடு சரியாகச் சந்திக்கின்றன. ஓட்டை ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு வந்தது, சுண்டைக்காய் அளவுக்கு வந்தது, காணோம். மருமகள் மூச்சை விட்டது எனக்குக் கேட்டது.

"நீ என்ன செய்யப்போற தாயி?" என்று கேட்டார்.

"தெரியல அண்ணாச்சி."

"தெரியாமலா இம்புட்டுத் தூரம்?" சிரித்துக்கொண்டே சின்னதாக ஒரு பச்சைக் கலயத்தை வாழைச் சருகில் சுற்றிக் கொடுத்தார். "சுடாதது. கொண்டு சேக்கது உன் சாமர்த்தியம்."

சாமர்த்தியம் பஸ் ஸ்டாப் வரைதான். பஸ்ஸில் நிற்க இடம் கிடைத்ததே பெரிது. வீரவநல்லூரில் ஏறிய ஒரு அம்மா தன் அரிசிப் பையை "கொஞ்சம் வச்சுக்கோங்க" என்று மருமகள் மடியில் வைத்தார். உரிமையோடு வைத்தார், மறுக்க முடியாது. கலயம் மடியில் இருந்தது. அம்பாசமுத்திரத்தில் இறங்கியபோது சருகுக்குள் களிமண் உருண்டை. அவள் அழவில்லை. உருண்டையைப் பிசைந்துகொண்டே நடந்தாள்.

நவம்பர் 21, அம்பாசமுத்திரம்

சித்தி வீடு. சித்திக்கு 78 வயது. மருமகளுக்கு ஆச்சி முறை. "ஏட்டி, எலும்பும் தோலுமா இருக்க" என்று ஆரம்பித்து மத்தியானத்துக்குச் சொதி வைத்துவிட்டாள். தேங்காய்ப்பாலை மூன்றுமுறை எடுத்து, மூன்றாம் பாலில் காயை வேகவைத்து, முதல் பாலை இறக்கும்போது ஊற்றுவது. கூட இஞ்சித் துவையல். சொதியைத் தின்றுவிட்டு இஞ்சியைத் தொடாமல் எழுந்தால் அடுத்த வேளை பசிக்காது. நான் மூன்றுமுறை வாங்கிச் சாப்பிட்டேன். பேசுவதற்கு அரைமணி நேரம் ஆயிற்று.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து வழக்கமாக அப்பளம் கொண்டுவரும் அம்மா இந்த வாரம் வரவில்லையாம். ஏன் என்று நான் கேட்கவில்லை.

மழை கொஞ்சம் விட்டதும் ஆற்றங்கரைக்குப் போனோம். நான் நீச்சல் பழகிய படித்துறையில் மேலே நாலு படிதான் தெரிந்தது. தண்ணீர் டீ நிறத்தில் ஓடியது. 2023 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் இங்கே யாரும் ஆற்றை அலட்சியமாகப் பார்ப்பதில்லை. படியில் உட்கார்ந்திருந்த ஒருவர் மருமகள் ஐந்தாவது படியில் கால் வைத்ததும், "பாப்பா, மேல வா" என்றார். எங்களை அவருக்குத் தெரியாது. அவள் மேலே வரும்வரை கண்ணை எடுக்கவில்லை.

அவளுக்கு ஆற்றில் ஒரு வேலை இருந்தது. ஆண்டி கோல்ட்ஸ்வொர்த்தி என்று இன்னொரு கலைஞர், 1956-ல் பிறந்தவர், ஸ்காட்லாந்தில் இருக்கிறார். பனிக்கட்டியை எச்சில் தொட்டு ஒட்டுவார். இலையோடு இலையை முள்ளால் கோர்த்து நீளச் சரமாக்கித் தண்ணீரில் விடுவார். படம் எடுத்துக்கொள்வார். மிச்சத்தை ஆறு பார்த்துக்கொள்ளும். அதுபோல் தாமிரபரணியில் ஒன்று செய்ய நினைத்திருந்தாள். இந்த வெள்ளத்தில் எங்கே?

வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து பூவரச இலையைப் பறித்து, வேலியோரக் கருவேல முள்ளால் கோர்க்கத் தொடங்கினாள். இரண்டாவது இலையே கிழிந்தது. சித்தி திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவள் பொறுக்கமாட்டாமல் இறங்கி வந்தாள்.

"நரம்புல குத்தாதட்டி, கிழிஞ்சிரும். நரம்பை ஒட்டிக் குத்து. உள்ள விட்டு, அந்தப் பக்கம் தலைய மட்டும் எட்டிப் பாக்கவிட்டு, திரும்ப இங்கன வாங்கு." விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவி, நகத்தால் துண்டு துண்டாக ஒடித்து, ஐந்து இலையை வட்டமாகச் சேர்த்துத் தைத்தாள். இரண்டு நிமிடம். தட்டு. "எத்தன பேரு சாப்பிட?" என்றாள்.

நான் உடனே ஆரம்பித்துவிட்டேன். பாத்தியா, இதெல்லாம் நம்ம வீட்டுல என்னைக்கோ செஞ்சது, ஸ்காட்லாந்துல செஞ்சா கலை, இங்க செஞ்சா தையல் இலை என்று. வாட்ஸ்அப்பில் வருகிற பேச்சுதான். மருமகள் தலையைத் தூக்காமல் சொன்னாள்: "ஆச்சி தைக்கது சாப்பிட. அவரு கோக்கது பாக்க. ரெண்டும் ஒண்ணுன்னு சொன்னா ரெண்டு பேரையும் மட்டம் தட்டுதோம் மாமா." அதற்கு எனக்குப் பதில் வரவில்லை. இஞ்சித் துவையல் தின்ற ஏப்பம்தான் வந்தது.

சாயங்காலம் வரை கோர்த்தாள். சித்தி சொல்லிக்கொடுத்த மாதிரி, நரம்பை ஒட்டி. பழுத்த மஞ்சள் இலையில் தொடங்கி, பச்சை ஏறி ஏறிக் கரும்பச்சையில் முடிகிற ஒரு சரம், பன்னிரண்டு அடி இருக்கும். கிணற்றைச் சுற்றிக் கிடத்தினாள். ஈரத்தில் ஒவ்வொரு இலையும் எண்ணெய் தேய்த்ததுபோல் இருந்தது. படம் எடுப்பதற்குள் இருட்டிவிட்டது. காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டோம்.

ராத்திரி சித்திக்கு லைப்பின் பால்கல் கதை. வெள்ளைச் சலவைக்கல் பலகை. மேல்பரப்பைக் கண்ணுக்குத் தெரியாத பள்ளமாகத் தேய்த்து, அதில் பாலை ஊற்றுவார். பாலும் கல்லும் ஒன்றாகத் தெரியும். முதலாவதைச் செய்தது 1975-ல். சாயங்காலம் துடைத்துவிட்டு மறுநாள் புதுப் பால் ஊற்ற வேண்டும்.

"தினமுமா?"

"தினமும் ஆச்சி. வாங்கினவங்கதான் ஊத்தணும்."

"அப்பம் மாடு யாரு வளக்கது?" என்றாள் சித்தி.

காலையில் கிணற்றடியில் ஒரு இலைகூட இல்லை. பக்கத்து வீட்டு ஆடு. முள்ளை மட்டும் வரிசையாக விட்டுவைத்திருந்தது.

நவம்பர் 22, ஆதிச்சநல்லூர், உடன்குடி, மணப்பாடு

கிழக்கே போனால் மழை குறையும் என்று ஒரு நம்பிக்கை. திருச்செந்தூர் சாலையில் ஆதிச்சநல்லூரில் இறங்கினோம். 1876-ல் ஜாகோர் என்ற ஜெர்மானியரும், அப்புறம் அலெக்சாண்டர் ரீயும் தோண்டிய பழங்கால இடுகாட்டு மேடு. 2023-ல் அங்கேயே அருங்காட்சியகம் திறந்துவிட்டார்கள். கண்ணாடித் தரைக்குக் கீழே முதுமக்கள் தாழிகள் கிடந்தபடியே கிடக்கின்றன. மருமகள் குனிந்து ஒரு தாழியின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மூடின இடம் எங்கன்னு தெரியுதா மாமா?" தெரியவில்லை. எத்தனை கார்த்திகைக்கு முன்னால் யாரோ மடியில் வைத்துத் தட்டி மூடியது.

உடன்குடியில் கருப்பட்டி கிலோ 400 ரூபாய். பாதி விலைக்கும் கிடைக்கிறது. அதில் பாதி சீனி. கடைக்காரர் பரணிலிருந்து ஓலைக் கொட்டான் ஒன்றை இறக்கி, "இதுதான் போன சித்திரைக் கருப்பட்டி. மழைக்குக் கசியும், அதான் அடுப்புக்கு மேல வச்சிருக்கோம்" என்றார். புகை வாசனையோடு ஒரு துண்டு கொடுத்தார். கருப்பட்டிக் காபி 20 ரூபாய். இந்தப் பயணத்தில் குடித்த நல்ல காபி அதுதான்.

பதநீர் கேட்டோம். கடையில் இருந்த பனையேறி ஒருவர் சிரித்தார். தையில் மரத்தைத் துப்புரவு செய்து, மாசியில் பாளை விட்டதும் கட்டி, கடிப்பு வைத்து நசுக்கிச் சீவ ஆரம்பித்தால் ஆடி வரை தினமும் ஏறி இறங்க வேண்டும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவாவிட்டால் கள். இப்போது பனை சும்மா நிற்கும். "நாங்களும் சும்மாதான் நிக்கோம்."

மருமகள் திடீரென்று கேட்டாள், பனைக்கு மகரந்தம் உண்டா என்று.

"அலகுப்பனை தெரியுமா? ஆண்பனை. காய்க்காது. அதுல பாளை நீளமா விரல் விரலாத் தொங்கும். பூவெடுக்கும்போது தட்டினா தூள் கொட்டும். வண்டும் எறும்பும் மொய்க்கும்."

"எப்பம்?"

"மாசி பங்குனியில வா தாயி. நான் ஏறித் தட்டித் தாரேன்."

அவள் நோட்டில் எழுதவில்லை. என்னையே பார்த்தாள். மார்ச் எங்கள் ஆபீசில் ஆண்டுக் கணக்கு முடிக்கிற மாதம். பெற்ற பிள்ளை கல்யாணத்துக்கே லீவு தரமாட்டார்கள். அதை அப்போது சொல்லவில்லை.

அவித்த தவுன் விற்றுக்கொண்டிருந்தார்கள் என்று எழுத ஆசைதான், ஆனால் தவுனை அவிக்க மாட்டார்கள். முளைவிட்ட பனங்கொட்டையை வெட்டினால் உள்ளே பஞ்சு மாதிரி இருக்கும் பருப்பு. பத்து ரூபாய்க்கு மூன்று கொட்டை வெட்டிக் கொடுத்தார் ஒரு பாட்டி. இந்த மழையில் எங்களுக்காகவே வந்ததுபோல் கிடைத்த ஒரே பொருள். மருமகளுக்கு ருசி பிடிக்கவில்லை. அவள் பங்கையும் நானே தின்றேன்.

தேரியில், அதாவது செம்மணல் மேட்டில், ஆட்டோவை நிறுத்தினோம். நனைந்த தேரி மணலை நான் இதுவரை பார்த்ததில்லை. காய்ந்திருந்தால் செங்கல் நிறம். இன்று ஈரலின் நிறம். மருமகள் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தாள். ஒரு பாட்டிலில் இரண்டு கை அள்ளியிருப்பாள், ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் குடையை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டார். "மண்ண அள்ளாத தாயி. லாரியில அள்ளுதவனும் முதல்ல கையிலதான் அள்ளினான்." அவள் ஒரு வார்த்தை பேசாமல் பாட்டிலைக் கவிழ்த்தாள். பெரியவருக்குச் சங்கடமாகிவிட்டது. "பாட்டில் கழுத்துல கொஞ்சம் ஒட்டியிருக்கு, அது இருக்கட்டும்" என்றார்.

மணப்பாடு போய்ச் சேர்ந்தபோது கடற்கரைக் குன்றில் நின்ற திருச்சிலுவைக் கோயில் மழைத்திரைக்குப் பின்னால் பாதிதான் தெரிந்தது. ஓலைப்பெட்டி முடையும் வீட்டில் குருத்தோலையைக் கட்டுக் கட்டாகச் சேலையால் மூடி வைத்திருந்தார்கள், பிள்ளையைப் போர்த்துவதுபோல். "மழைக்கு ஓலை கறுத்துரும்." 150 ரூபாய்க்கு மூடி போட்ட பெட்டி ஒன்று வாங்கினோம். அதற்குள் கோரையையும், களிமண் உருண்டையையும், ஆடு விட்டுவைத்த முள்ளையும் போட்டு மூடினாள்.

ராத்திரி ரயில். ஏறும்போது வானத்தில் நட்சத்திரம்.

நவம்பர் 30, தாம்பரம்

இதை எழுதி முடித்துவிட்டு அனுப்பலாம் என்று இருந்தபோது அக்காவின் போன்.

"ஏலே, உன் மருமகளை என்னத்தச் சொல்லிக் கூட்டிட்டு வந்த? ஒரு வாரமாப் பாத்ரூம் பக்கெட்டுல புல்லை ஊறப்போட்டு வச்சிருக்கா. யாரும் தொடக்கூடாதாம்."

"நாறுதா?"

"நாறல. எப்படி நாறும்? ராத்திரி பகலாக் குழாயைத் திறந்தே வச்சிருக்கா. ஓடுத தண்ணியில்லா வேணுமாம் மகாராணிக்கு. இந்த மாசம் ரெண்டு லாரித் தண்ணி கூடுதலா வாங்கியாச்சு. நீதான் குடுக்கணும்."

எவ்வளவு என்று கேட்டேன். சொன்னாள். பக்கத்தில் மருமகளிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன்.

"ஊதிருச்சா?"

"மூணு மடங்கு மாமா" என்றாள். "ஆனா இங்கயும் வெயில் இல்ல."